ஓட்டுநரின் வாய்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கோமதிசங்கருக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. அவன் கடையில் சாப்பிட்டவர்கள் யாருக்கும், தாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை.

கை கழுவும் இடத்திலேயே நின்று, "என்ன சாப்பிட்டிய அண்ணாச்சி?" என்று கேட்பான். ஒருவர், "சாம்பார் சாதம்" என்பார். இன்னொருவர், "சப்பாத்தி மாதிரி ஏதோ" என்பார். ஒருவர் தன் சட்டையில் சிந்தியிருந்த கறையைப் பார்த்துவிட்டு, "மோர்க்குழம்பு இருந்திருக்கும் போல" என்று துப்புத் துலக்கினார். எல்லார் இலையிலும் விழுந்தது கம்பஞ்சோறும் மோர்க்குழம்பும்தான்.

அந்தக் கம்பு அவன் மனைவி பொன்மணி விளைவித்தது. குருவிகுளத்துப் பக்கம் அவளுடைய மானாவாரி நிலத்தில் கடையில் வாங்கும் உரம் எதுவும் போடாமல், ஆட்டுக்கிடை போட்டு, அந்த எருவில் மட்டும் எடுத்த கம்பு. அந்த நிலத்தைத்தான் சோலார் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தின்னவனுக்கே தெரியாத கம்பை நான் எதுக்கு வெயில்ல நின்னு வெளைய வைக்கணும்? வெள்ளிக்கிழமை அவங்க வாராங்க. அதுக்குள்ள ஒருத்தராவது கம்புன்னு சொல்லணும். இல்லேன்னா நிலத்தைக் குடுத்திருதேன்" என்றாள்.

"ஏட்டி, அவசரப்படாத."

"நானா அவசரப்படுதேன்? உங்க கடைக்கு வாறவங்கதான் அவசரப்படுதாங்க."

அது சரிதான். கம்பு மென்றால்தான் இனிக்கும். வாயில் ஊறும் எச்சில் மாவோடு கலந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்க வேண்டும். அப்படியே விழுங்கினால் அந்த வேலை நடக்காது, நாக்குக்குச் செய்தியே போய்ச் சேராது.

'மென்று சாப்பிடவும்' என்று பலகை வைத்தான். அதைப் படித்துக்கொண்டே விழுங்கினார்கள். நிதானமான நாதஸ்வரம் போட்டான். அது முடிவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று இன்னும் வேகமாகச் சாப்பிட்டார்கள். கடைசியில் கல்லாவை விட்டு எழுந்து, ஓர் ஓரமாக நின்று பார்த்தான்.

மதியச் சாப்பாட்டுக்குத் திருநெல்வேலி பஸ் அங்கேதான் நிற்கும். பயணிகளை அழைத்து வருவதால், சாலையோரக் கடை வழக்கப்படி ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசம். ஓட்டுநர் குருநாதன் முதல் இலையில் உட்கார்ந்து மண் அள்ளுவதுபோல் அள்ளினார். வரிசை முழுவதும் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அள்ளியது. அவர் தும்மினார். அத்தனை கைகளும் அந்தரத்தில் நின்றன. அவர் மறுபடி அள்ளினார். கைகள் இறங்கின.

பக்கத்துத் தையற்கடை ஷாஜித்தும் அதே வேகத்தில் விழுங்கிக்கொண்டிருந்தான்.

"உமக்கு என்ன வே அவசரம்?"

"பஸ் போயிரும்லா."

"நீரு எங்க போறீரு?"

"கடைக்கு."

"பக்கத்துக் கடைக்கு எதுக்கு வே பஸ்?"

"எல்லாரும் ஓடுதாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

வெள்ளிக்கிழமை வந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து வாங்கி அவித்த பனங்கிழங்கு ஒன்றை ஓட்டுநர் குருநாதன் இலையில் மட்டும் வைத்தான் கோமதிசங்கர். பனங்கிழங்கை யாராலும் விழுங்க முடியாது. தொலியை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்து எறிந்து, நாரைக் கிழித்துக் கிழித்து மென்றே ஆக வேண்டும்.

குருநாதன் மென்றார். அவரைப் பார்த்து வரிசையும் கம்பஞ்சோற்றை மென்றது. கடையில் மாடுகள் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, டைமாச்சு" என்றார் நடத்துநர். ஓட்டுநர் வாய் நிறைய நாரோடு கையை மட்டும் காட்டினார். நடத்துநர் போய் ஹாரன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை.

"டிரைவர் இங்கனதான இருக்காரு, பஸ் என்ன தானாவா போவும்?" என்று சொல்லி ஷாஜித் மறுசோறு கேட்டான்.

"சோறு இனிக்குதுல்லா?" என்றாள் நடுவில் இருந்த ஒருத்தி.

கை கழுவும் இடத்தில் பொன்மணி நின்றாள். பின்னால் சோலார் கம்பெனிக்காரர்.

"என்ன சாப்பிட்டிய அண்ணாச்சி?"

"கம்பஞ்சோறு. அடி பிடிச்சிருக்கு, தாயி" என்றார் முதலில் கை கழுவ வந்த பயணி.

"ரொம்பவா?"

"லேசாத்தான். ரெண்டாவது வாயிலேயே தெரிஞ்சிட்டு."

பொன்மணி திரும்பினாள். "நிலம் குடுக்கதுக்கு இல்ல சார். நீங்களும் ஒரு இலையில உக்காருங்க."

அன்று முதல் அந்தக் கடையில் ஓட்டுநர் இலைக்கு முதலில் பனங்கிழங்கு போகும், அதன் பிறகுதான் எல்லாருக்கும் சோறு. ஓட்டுநர் மெல்லும் வேகத்தில்தான் பஸ் முழுவதும் சாப்பிடும். கிழங்கு கிடைக்காத மாதங்களில் முருங்கைக்காய்.