டாக்டரிடம் ஒரு கேள்வி

1.
இந்தக் கதை நான் கேட்டதல்ல, ஒட்டுக் கேட்டது. வேறொரு வேலையாக நீதிமன்றம் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காதைத் திருப்ப முடியவில்லை.

'அவள் ஒரு காலத்தில் புகழ்பெற்ற கோல்கீப்பர்' என்று எழுத ஆரம்பித்துப் பார்த்தேன். இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

2.
பதினொரு வருஷம் கிளப்புக்காகக் கால்பந்து ஆடியவள், முப்பத்துநாலு வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். கறுப்புக் கோட்டு போட்ட பிறகும் எல்லாருக்கும் அவள் கேப்டன்தான். இப்போது கையில் இருப்பது பழைய அணித் தோழி வாலுவின் வழக்கு. (ஆட்டத்தில் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் வாலு.) வீங்கிய முழங்காலில் ஊசி போட்டு அவளை இறுதி ஆட்டத்தில் இறக்கியவர் கிளப் டாக்டர். இன்று வாலு நடப்பது கைத்தடியோடு.

டாக்டர் இப்போது கூண்டேறப் போகிறார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஊசி போடச் சொன்னது யார்?

பதில் கேப்டனுக்குத் தெரியும். அன்று டாக்டர் தயங்கினார். "இந்த ஒரு மேட்ச் மட்டும், டாக்டர்" என்று கெஞ்சியது அவளேதான்.

3.
(இங்கே அவளைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். வரவில்லை. காலையிலிருந்து மூன்று முறை வாந்தி எடுத்தவளை எப்படி நான்...)

கேப்டன் கோப்பைத் திறந்தாள், மூடினாள்.

"வாலு, நீ வேற வக்கீல் வச்சுக்க."

"இப்ப வந்து சொல்றியே, ஏன்டி?"

"ஊசி போடச் சொன்னது நான்தான்."

வாலு கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள்.

"தெரியும். டாக்டர் ரூம்ல திரைக்கு அந்தப் பக்கம்தான படுத்திருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா என்கிட்ட கேஸைக் கொடுத்த?"

"உன் வாயால சொல்றியான்னு பாக்கத்தான். ஏழு வருஷமாச்சு உனக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ சொன்ன, சரி. போட்டது அவருதான? உள்ள போய்க் கேளு. யார் பேரு வந்தாலும் வரட்டும்."

4.
மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் கேட்கவில்லை, வழக்கு தோற்கிறது. இன்னொன்றில் டாக்டர் பெருந்தன்மையாகப் பழியை ஏற்கிறார் (நானே நம்பவில்லை). மூன்றாவதில் கேட்டுவிடுகிறாள், டாக்டர் விரலை நீட்டுகிறார், வக்கீலே சாட்சியாகிறாள், தொழிலே போனாலும் போகும்.

நிஜத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. கதவு மூடுவதற்குள் கண்டது இவ்வளவுதான்: "கேள்வி இருக்கா?" என்றார் நீதிபதி. கேப்டன் எழுந்தாள். டாக்டர் அவளையே பார்த்தார்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. பேனா என் கையில் இருந்தால் காப்பாற்றித் தொலைத்துவிடுவேன். அதனால் நீங்கள், வாலுவின் அந்த முழங்காலை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: அவள் வாயைத் திறக்கட்டுமா?