லாசால் தெருவுக்குத் தாமதமாகப் போனவள்

ஓவடோனா என்ற சிற்றூரின் வங்கியில் காசாளராகச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகியும் ஆர்டிஸ் பிரெக்கி ஒருநாள்கூடத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்ததில்லை. பார்க்க வைத்தது சிகாகோவிலிருந்து வந்த ஓர் ஆள். லிஃப்ட் உதிரிபாகம் விற்பவர், பெயர் லேலண்ட் வாவ்ரா. 1963 அக்டோபரில் பயணக் காசோலை மாற்ற வந்தவர், கையெழுத்துப் போடாமல் வாயைப் பிளந்துகொண்டு அவள் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"ஏங்க, இந்த எடத்துல உக்காரறதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

"கையெழுத்து, சார்."

"போடறேன். மொதல்ல நீங்க தலைய தூக்குங்க."

அவள் தூக்கினாள். வளைவு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே பச்சையும் பொன்னுமாக வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோவியத்தில் மாடுகள் நின்றன. தூண் ஓரங்களில் சுடுமண் இலைகள், சுவரே துளிர்விட்டதைப் போல.

"சல்லிவன்னு எங்க சிகாகோ கட்டிடக் கலைஞர் கட்டினது. இந்த அலங்காரத்துல பெரும்பகுதிய வரைஞ்சது அவர்கிட்ட வேலை பாத்த எல்ம்ஸ்லி. அந்தப் பேரு எவனுக்கும் தெரியாது. பால் பண்ணைக்காரன் பணம் போட வர்ற எடம்தானேன்னு ஏனோதானோன்னு விட்டாங்களா பாருங்க! அவனையும் ராஜாவாட்டம் நடத்தியிருக்காங்க. அதுக்குத்தான் சல்லிவன் மேல எனக்கு உசுரு."

பிறகு ஒவ்வோர் அக்டோபரும் வந்தார். கால் மணி நேரம்கூட இருக்கமாட்டார். அந்தக் கால் மணிக்காக ஆர்டிஸ் வருஷம் முழுக்க நூலகத்திலிருந்து கட்டிடக்கலைப் புத்தகங்களாக வாரிக்கொண்டு வந்தாள். மூன்றாம் வருஷமே அவரோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பிடித்த கட்டிடக் கலைஞர் ரைட்.

"ரைட்டா? தலைக்கனம் புடிச்ச ஆளு. சல்லிவன்கிட்ட சம்பளம் வாங்கிட்டே, அவருக்குத் தெரியாம வெளியில வீடு வரைஞ்சு குடுத்தவரு."

"இருக்கட்டும். உங்க சல்லிவன் சுவரப் பாக்க வைக்கறார். ரைட் உள்ள இருக்கற மனுஷன நெனச்சு சுவர வைக்கறார்."

"அவர் கட்டினது எதையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"படத்த பாத்தே சாப்பாட்டுக்கு ருசி சொல்றீங்க, மிஸ் பிரெக்கி!"

அவர் போனபின் பக்கத்து ஜன்னல் பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்குக் காது மடல் சுடும். அவர் விரலில் மோதிரம் இல்லை என்பதை முதல் வருஷமே பார்த்துவிட்டாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1971இல் வந்தபோது அவர் முகத்தில் களையே இல்லை.

"எங்க ஊர் லாசால் தெருவுல பழைய பங்குச் சந்தைக் கட்டிடம் இருக்கே, சல்லிவனோடது, அத இடிக்கறாங்க. முழுசா போறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம வாங்க. நான் சுத்திக் காட்டறேன்." ஆபீஸ் முகவரி அச்சடித்த அட்டையை ஜன்னலுக்குள் நகர்த்தினார்.

"வருஷக் கடைசில வேலை ஜாஸ்தி. பாக்கலாம்."

"கட்டிடம் உங்க லீவுக்காகக் காத்திருக்காதுங்க."

வேலை ஒரு சாக்கு. ஓர் ஆண் கூப்பிட்டதற்காகச் சிகாகோ போகிறேன் என்று அந்தச் சின்ன ஊரில் யாரிடம் சொல்ல? நவம்பரில் நீலக் கோட்டு ஒன்று வாங்கினாள். இரண்டு ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினாள். பனி விழுந்தது. மூன்றாவது முறை, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, பஸ் ஏறியேவிட்டபோது மார்ச் வந்துவிட்டது.

லாசால் தெருவில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் அரைகுறைச் சுவர்களும் முறுக்கிய இரும்பும் கிடந்தன. தடுப்பருகே நின்ற வேலையாள் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"தள்ளி நில்லுங்கம்மா. கோட்டெல்லாம் தூசி ஆயிடும்."

"உள்ள ஒரு பெரிய கூடம் இருந்ததே?"

"அத மியூசியத்துக்காரங்க துண்டு துண்டா பிரிச்சு எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நீங்க ரொம்ப லேட்."

அட்டையிலிருந்த முகவரிக்கு நடந்தே போனாள். ஆபீஸ் மேஜையில் இருந்த பெர்னீஸ் என்ற பெண் அவள் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஓவடோனா வங்கி லேடியா நீங்க? அடடா! லேலண்ட் ஜனவரில ரிட்டயர் ஆயிட்டாரே. லொரைனுக்கு நுரையீரல் சரியில்ல, வறண்ட காத்து வேணும்னு ரெண்டு பேரும் அரிசோனா போய்ட்டாங்க."

"லொரைன்..."

"அவர் மனைவி. நீங்க வருவீங்கன்னு டிசம்பர் வரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவ உங்களுக்கும் சேத்துத்தான் சமைச்சா. ரைட்டுக்காகச் சண்ட போடற பொம்பளய நான் பாத்தே ஆகணும்னு சொல்லிட்டிருந்தா."

அரிசோனா முகவரியை எழுதித் தந்தாள். ஆர்டிஸ் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மேம்பால ரயிலுக்கடியில் நின்றாள். ஏமாற்றினார் என்று சொல்ல வழியில்லை. மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. எட்டு வருஷமாக அவள்தான் ஒரு வீட்டைத் தனக்குள்ளே கட்டிக்கொண்டிருந்தாள், அதில் லொரைனுக்கு அறையே வைக்காமல்.

ஊர் திரும்ப மாலைவரை பஸ் இல்லை. ரயிலேறிப் புறநகரான ஓக் பார்க் போய் ரைட் கட்டிய யூனிட்டி கோயில் என்ற தேவாலயத்தைத் தேடினாள். வெறும் கான்கிரீட் பெட்டிபோல இருந்தது. தெருப்பக்கம் வாசலைக் காணோம். ஒரு சுற்றுச் சுற்றிவந்தபோது காவலாளி சிரித்தார். "எல்லாரும் இப்பிடித்தான் அலைவாங்க. பக்கவாட்டுல போங்க."

உள்ளே தாழ்ந்த, இருண்ட வழி. தலை இடிக்குமோ என்று குனிந்து நடந்து படியேறியவள் சட்டென்று நின்றாள். கூரை முழுவதும் தேன் நிறக் கண்ணாடி. வெளியே மூட்டமான நாள். உள்ளே வெயில் அடிப்பதுபோல இருந்தது. எந்த இருக்கையும் மேடையிலிருந்து தூரமில்லை. வெளியேறும் கதவுகளையும் மேடைப் பக்கமே ரைட் வைத்திருந்தார், போகிறவர்கள் போதகருக்கு முதுகைக் காட்ட வேண்டாமென்று. புத்தகத்தில் படித்ததுதான். உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்த மரியாதை புரிந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. "நான் சொன்னேன் இல்ல?" என்று திரும்பிச் சொல்ல ஆளில்லை. கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காவலாளி விளக்கணைக்க வரும்வரை இருந்தாள்.

மறுவாரம் இருவர் பெயரும் போட்டு ஓர் அஞ்சலட்டை எழுதினாள்: "லாசால் தெருவுக்குத் தாமதமாகப் போனேன். மன்னியுங்கள். ரைட்டை நேரில் பார்த்துவிட்டேன். நான் சொன்னது சரி." ஒரு மாதம் கழித்து லேலண்டின் கையெழுத்தில் பதில் வந்தது: "சரி என்று லொரைன் சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வந்து வாதாடுங்கள், அறை இருக்கிறது." காசாளர் அறையில் நின்றபடி அதை நாலைந்து முறை படித்தாள்.

ஜூனில் இரண்டு வாரம் லீவு கேட்டாள். மேலாளர் டோலஃப்சன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "சொந்தக்காரங்க யாராவது செத்துட்டாங்களா, ஆர்டிஸ்?"

"இல்ல. ஒரு மணிக்கூண்டு பாக்கணும். கலிஃபோர்னியால."

ஜூலியா மார்கன் என்ற பெண் கட்டியது. 1906 பூகம்பத்தில் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் சரிந்தபோது அசையாமல் நின்றது. லேலண்ட் ஒருபோதும் சொல்லாத பெயர். அவளே தேடிக் கண்டுபிடித்தது.

பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் கேட்டார், "அரிசோனா சுத்தியும் போகலாம், ஒரு நாள் கூடுதலா ஆகும். எப்பிடி?"

ஆர்டிஸ் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"நேர் வழியே குடுங்க," என்றாள்.