பின்பாதி ஆழ்வார் சொல்லுவான்

1

இந்தக் கதை மதியத் தூக்கத்தில் வந்தது. கனவில் ஒரு பெண் ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பாதிவரை வாசித்துவிட்டு, யாருக்கோ காத்து நின்றாள். யாருக்கு என்று தெரிவதற்குள் பால்காரர் மணியடித்து எழுப்பிவிட்டார். மிச்சத்தை விழித்துக்கொண்டு எழுதுகிறேன். அங்கங்கே ஒட்டுத் தெரியும்.

2

மகாராஜா காலத்து மைசூரில், ஒரு மழை நாளில், குதிரை வண்டி ஒன்று...

(வேண்டாம். மைசூர் என்றதும் எல்லோரும் குதிரை வண்டி பிடிக்கிறார்கள். நடந்தே வரட்டும்.)

ஸரஸா நடந்து வந்தாள். மேலுகோட்டைக்காரி. கணவன் போனபின் தம்பி ஆழ்வாரோடு இருந்தாள். (கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.) தம்பிக்குக் கல்யாணமாகி, ஷிமோகாவுக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. பெண்கள் பள்ளியில் ஆங்கில உபாத்தியாயினி வேலை கிடைத்தால் அவள் இங்கேயே தனியாக இருக்கலாம். கிடைக்காவிட்டால் தம்பி மனைவியின் சமையலறையில் ஒண்ட வேண்டியதுதான்.

3

கமாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு முழு வாக்கியங்களை 'அண்ட்' அல்லது 'பட்' சேர்த்தால், அந்தச் சொல்லுக்கு முன்னால் கமா வரும். பின்பாதிக்குச் சொந்தமாக எழுவாய் இல்லையென்றால் பொதுவாகக் கமா வேண்டாம். தனி அடுப்பு இருந்தால்தான் நடுவில் சுவர். எழுத்தில் ஸரஸா இதைத் தவறவிட்டதே இல்லை. ஆனால் அன்று, வேலைக்கான தேர்வில், அவளை வாசிக்கச் சொன்னார்கள்.

4

தலைமை ஆசிரியை கமலம்மாள் ஒரு பத்தியை நீட்டினார். வெளியே தூறல். மழை நின்றது, ஆனால் ஆறு வடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். ஸரஸா கமாவரை வந்தாள். நின்றாள்.

அவர்கள் வீட்டில் பிரபந்தப் பாசுரம் சேவிக்கும்போது ஒரு கட்சி முன்பாதியைச் சொல்லி நிறுத்தும், மறுகட்சி பின்பாதியை எடுக்கும். அடுத்தவர் பாதியைப் பறிப்பது மரியாதையில்லை. ஆங்கிலத்தையும் அக்காவும் தம்பியும் அப்படியே பழகியிருந்தார்கள். கமாவரை அவள், 'பட்' முதல் அவன்.

தூறல் சத்தத்துக்குள்ளிருந்து அவன் குரல் இதோ வரப்போகிறது என்றிருந்தது அவளுக்கு. பால் பொங்கக் காத்திருப்பவள்போல நிதானமாக நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டேள்? கஷ்டமா இருக்கா?" என்றார் கமலம்மாள்.

"இல்லை. பின்பாதி ஆழ்வார் சொல்லுவான்."

"யாரு?"

"என் தம்பி. எங்காத்துல இருக்கான்."

5

கமலம்மாளும் மேலுகோட்டைக்காரர், பின்பாதியை அவரே எடுத்துச் சொல்ல, இருவரும் சிரித்து...

(அடித்துவிட்டேன். கதாசிரியன் கேட்கும்போதெல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழாது.)

மூட்டையோடு ஸரஸா ஷிமோகா ரயிலில்...

(இதையும். அவள்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது, எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இதுதான். யாரும் எடுக்கப்போவதில்லை என்று ஸரஸாவுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. 'பட்' என்று அவளே தொடங்கினாள். பின்பாதியைத் தன் குரலில் அவள் கேட்டதேயில்லை. அது அந்நியமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் இரண்டு பாதியையும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

"போறும்மா. உக்காருங்கோ," என்று கமலம்மாள் பேனாவை மையில் தொட்டார்.

அவர் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆசைப்படுகிறவன் தீர்ப்பு எழுதக் கூடாது. கமலம்மாளின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே ஸரஸா இருக்கிறாள். ஒரு வகுப்பு நிறையப் பெண் குழந்தைகளை இவளிடம் ஒப்படைப்பீர்களா?