சொத்தைப்பல் இசைக்குழு

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டதும் கிளமெண்ட் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் பார்ப்பார். எல்லாம் ஒரே வகைப் படம்தான். லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு காலத்தில் தலைமயிரை முள்ளாக நிறுத்திக்கொண்டு மேடையில் துள்ளிய பங்க் ராக் பையன்கள், இப்போது நரைத்து, தொப்பை விழுந்து, சோபாவில் உட்கார்ந்து அந்த நாட்களைப் பற்றிப் பேசும் ஆவணப்படங்கள். நடுவில் பழைய கச்சேரி கொஞ்சம் ஓடும். மறுபடியும் கிழவர் வந்துவிடுவார். அத்தனை பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்களே என்று அவர் மனைவி எஸ்தர் கேட்பாள். கிளமெண்டுக்கோ அந்தக் கிழவர்களைப் பார்த்துப் பொறாமை. அவர்களிடம் யாரோ வந்து கேட்டிருக்கிறார்கள்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவர் கிளார்க். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. கல்லூரியில் படித்த காலத்தில் அவரும் ஹாலாஸ்யமும் ஞானமும் சேர்ந்து ஒரு பங்க் இசைக்குழு வைத்திருந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த ஞானத்தின் அண்ணன் கொண்டுவந்த கேசட் ஒன்றைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்ததில் பிறந்த குழு அது. பெயர் சொத்தைப்பல். கிளமெண்ட் கிடார், ஹாலாஸ்யம் டிரம்ஸ். தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற ஞானம், இங்கே வந்து கத்துவாள். பங்க் என்று நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் பங்க்காரர்கள் நடத்தும் கச்சேரியா என்று வாட்ச்மேன் கேட்டார். பெண்கள் விடுதியைச் சாயங்காலமே பூட்டிவிடுவதைப் பற்றி ஞானம் எழுதிய பாட்டுக்குத்தான் கூட்டம் விசிலடித்தது. கல்லூரி விழாவில் பாதிப் பாட்டில் முதல்வர் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். அத்தோடு குழுவும் நின்றது. ஹாலாஸ்யம் வங்கி வேலைக்குப் போனார். ஞானம் ஆசிரியை ஆகி, கல்யாணம் முடிந்து மேலூரில் தங்கிவிட்டாள்.

யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்தே பல வருடம் ஓடிவிட்டது. கடைசியில் ஒருத்தி வந்தாள். சென்னையில் ஆவணப்படம் எடுக்கும் வர்ஷினி. அவர்களுடைய பழைய ஒலிப்பதிவை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்க, அதைக் கேட்டுவிட்டுத் தேடி வந்திருந்தாள்.

கிளமெண்ட் லீவு போட்டு ஒரு நாள் முழுக்கப் பேசினார். பேசப் பேசத் தன் குரலே அவருக்கு அலுத்தது. "அன்னைக்கு எங்களுக்கு எதிர்காலத்தப் பத்திக் கவலையே இல்ல" என்றபோது, இதே வாக்கியத்தை லண்டன் கிழவர் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. உண்மையில் அன்றைக்கு அவருக்குக் கவலை இருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பற்றிய கவலை.

சேர்ந்து வாசித்தால் நன்றாக இருக்கும் என்று வர்ஷினி கேட்டாள். ஒத்தக்கடையில் ஹாலாஸ்யம் கட்டியிருந்த புது வீட்டின் மாடியில் முதலில் நண்பர்கள் இருவரும் கூடினார்கள். ஹாலாஸ்யத்துக்கு மூட்டு வலி, மகனுடைய எலக்ட்ரானிக் டிரம்ஸின் மிதியை அழுத்த முடியவில்லை. கிளமெண்டுக்கு மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. பாதிப் பாட்டிலேயே இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"மெதுவா வாசிப்போமே மாப்ள" என்றார் ஹாலாஸ்யம்.

மெதுவாக வாசித்தபோது அது தேவாலயத்தில் பாடும் ஞானப்பாட்டு மாதிரி ஒலித்தது. ஹாலாஸ்யத்தின் மனைவி அனந்தலக்ஷ்மி காப்பியோடு மேலே வந்து, நன்றாக இருக்கிறதே என்று பாராட்டினாள். அதோடு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் வர்ஷினியோடு காரில் மேலூருக்குப் போனார் கிளமெண்ட். ஞானத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. வாசலுக்கு வந்து அவள் "வா கிளமெண்ட்" என்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. குரல் இல்லை. காற்றும் கரகரப்பும்தான் வந்தன. தைராய்டு ஆபரேஷனில் போய்விட்டதாம். அதற்குப் பிறகும் கழுத்தில் சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் பாடம் நடத்தியிருக்கிறாள். மைக் கூ என்று கத்தும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்களாம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள்.

கேமரா முன்னால் அவள் சலிப்பில்லாமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். கடைசியில் வர்ஷினி தயங்கித் தயங்கி, அந்த விடுதிப் பாட்டில் ஒரு வரி பாட முடியுமா, வந்த வரைக்கும் போதும் என்றாள்.

கிளமெண்ட் எழுந்தார். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கேமராவின் கண்ணைக் கையால் மூடிவிட்டார்.

"போதும்மா. நிறுத்து."

வர்ஷினி முகம் சுருங்கிப் போனது. ஞானம் கிளமெண்ட் பக்கம் திரும்பினாள்.

"கையை எடு கிளமெண்ட். என்னால முடியாதுன்னு நான் உங்கிட்டச் சொன்னேனா?"

"இல்ல... உனக்குத் தொண்டை..."

"அது எந் தொண்டை. அப்பவும் நீ இப்படித்தான். மேடையில எனக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு கிடாரத் தட்டுவ. எம் மூஞ்சி எவனுக்கும் தெரியாது. தள்ளி உக்காரு."

அவர் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

ஞானம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினாள். முதல் வரியில் வெறும் காற்றுதான் வந்தது. "பூட்டுனது நீ, தொலைஞ்சது சாவி" என்ற இரண்டாவது வரி, தகரத்தைத் தார்ரோட்டில் இழுத்துப்போவது மாதிரி வந்தது. ராகம் எங்கெங்கோ போனது. பழைய நாட்களில் அவள் நல்ல குரலை வலிந்து கெடுத்துக்கொண்டு கத்துவாள். இப்போது அப்படி எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முழுப் பாட்டையும் பாடிவிட்டு, "அம்புட்டுத்தான்" என்று எழுந்தாள். வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டு, இருவருக்கும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள் ஞானம்.

திரும்பும் வழியெல்லாம் வர்ஷினி படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். கேட்டுக்கொண்டிருக்கத் தெம்பில்லாமல் கிளமெண்ட் ஒத்தக்கடையில் இறங்கிக்கொண்டார். ஹாலாஸ்யத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"நன்னாப் பாடினாளா?"

"நல்லான்னு சொல்ல முடியாது மாப்ள. பாடினா."

டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

சில மாதம் கழித்துப் படம் வந்தது. எஸ்தரும் கூட உட்கார்ந்து பார்த்தாள். ஞானத்தின் பாட்டு வெட்டில்லாமல் முழுதாக இருந்தது. கிளமெண்ட் நாள் முழுக்கப் பேசியதில் எதிர்காலக் கவலை பற்றிய அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. அப்புறம், திரை முழுக்க இருட்டாக வந்து மூடிய ஓர் உள்ளங்கை.

"அது உங்க கையா?" என்று கேட்டாள் எஸ்தர்.

ஆமாம் என்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வரப்போகிறார் என்று ரொம்ப நாள் காத்திருந்த விருந்தாளி வந்து இரண்டு நாள் தங்கிவிட்டு ஊருக்குப் போனபின் வரும் அசதிதான் இருந்தது.

அடுத்த வாரம் ஞானம் போன் செய்தாள். கரகரவென்று கேட்டதில் பாதி புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்.

"யார் யாரோ கூப்பிடுறாங்க கிளமெண்ட். எல்லாரும் ஒரு தடவை பாடுங்க, பாடுங்கங்கிறாங்க. எனக்கு வலிக்குது. படம் எடுத்த அந்தப் பிள்ளைகிட்ட, என் நம்பரை யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லு. நீ சொன்னா நல்லா இருக்கும்."

"சொல்றேன்" என்றார்.

வர்ஷினியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த படத்துக்கு அவரிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்டாள்.

"எங்கிட்ட இருந்ததெல்லாம் சொல்லிட்டேம்மா" என்றார் கிளமெண்ட்.