விலகியோர் பட்டியல்

முப்பிடாதி எப்போது வந்தாலும் கையில் மக்ரூன் பொட்டலத்தோடுதான் வருவார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி கடைக்குள் நுழைவார். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு எல்லாமே அவர்தான். எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் பத்துக் கம்பம் நட்டால் ஆறு கம்பத்தில் அவர்கள் கொடிதான் பறக்கும்.

அதே சாலையில் இருக்கிறது கிருபாகரனின் ஃப்ளெக்ஸ் கடை. அங்கே டிசைன் போடுகிறவள் ஸ்டெபி. திரேஸ்புரத்துக்காரி. பத்து வருசமாக அதே நாற்காலி.

ஃப்ளெக்ஸ் தொழிலில் எழுத்து தப்பினால் சிரிப்பார்கள். படம் தப்பினால் கல் வரும். ஏழு வருசத்துக்கு முன்னால், கட்சி தாவிப் போன ஒருவரின் படத்தைப் பழைய கட்சிப் பேனரில் போட்டுவிட்டார்கள். மறுநாள் விடிந்தபோது கடைக் கண்ணாடி முழுக்கத் தரையில் கிடந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் ஸ்டெபியின் ஃபைல்.

டெல்லியில் இருக்கிற தலைவர் முதல் திரேஸ்புரம் வார்டுச் செயலாளர் வரை, பத்தொன்பது கட்சிகள் அந்த ஃபைலில் இருந்தன. பேர், பதவி, பதவி வந்த தேதி, படம், யார் தலை பெரிசாக இருக்க வேண்டும், யார் பக்கத்தில் யாரைப் போடவே கூடாது, எல்லாம் உண்டு. ஒரு கட்சி இரண்டாக உடைந்தால் ஃபைலும் அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாக உடையும். கடைசிப் பக்கத்துக்கு 'விலகியோர்' என்று பேர். தாவியவன், நீக்கப்பட்டவன், செத்தவன் எல்லாரும் தேதியோடு அங்கே போய்ச் சேருவார்கள்.

மற்ற கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அவளிடம்தான் கேட்பார்கள். "ஸ்டெபி ஃபைல்ல இருந்தா இருக்கான், இல்லன்னா இல்ல" என்பது ஊரில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவள் அடித்த ஒவ்வொரு பேனரிலும் வலது பக்க அடி மூலையில், கடை பேருக்குக் கீழே, எறும்பு மாதிரி ஒரு வரி இருக்கும்: டிசைன் ஸ்டெபி. பக்கத்தில் அவள் போன் நம்பர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பிடாதி கொண்டுவந்தது பெரிய ஆர்டர். வியாழக்கிழமை கட்சியின் மாநிலத் தலைவர் வருகிறார். நாற்பதடி அகலத்துக்கு வளைவு. பேர்ப் பட்டியலைப் பென்சிலில் எழுதி நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஸ்டெபி வழக்கம்போல அடியிலிருந்து மேலே வாசித்தாள். வார்டுச் செயலாளர்கள் எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.

"ஒண்ணு குறையுதே அண்ணாச்சி. திரேஸ்புரம் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல தாயி. அவ்வளவுதான்."

திரேஸ்புரம் வார்டுச் செயலாளர் ஜெர்சன். ஸ்டெபியின் கூடப்பிறந்த அண்ணன்.

"ஒங்க அண்ணன்னு தெரியும்" என்றார் முப்பிடாதி. "தெரிஞ்சதுனாலதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன். ஃபைலு ஃபைலா இருக்கணும்லா. சொந்தபந்தம் பாத்தா ஒம் பேருல்லா கெட்டுரும்."

அவள் அண்ணன் பேரை 'விலகியோர்' பக்கத்துக்கு நகர்த்தும்வரை அவர் பின்னாலேயே நின்றார்.

"தேதி என்ன போடட்டும்?"

"போன மாசம் இருவதுன்னு போட்டுக்க."

அவர் போன பிறகுதான் ஸ்டெபி அதற்கு மேலே இருந்த இரண்டு வரிகளைப் பார்த்தாள். அவையும் முப்பிடாதி சொல்லி அவளே நகர்த்தியவை. இரண்டுக்கும் சில வாரம் முந்தின தேதியைத்தான் போடச் சொன்னார். குலசேகரன்பட்டினத்து ஒன்றியச் செயலாளர், பேர் நகர்ந்த ஒன்பதாம் நாள், உப்பளத்து ரோட்டில் லாரி ஏறிச் செத்தார். புன்னைக்காயல் கிளைச் செயலாளர் பேர் நகர்ந்த பன்னிரண்டாம் நாள், அவர் வள்ளம் ஆற்று முகத்தில் வந்து ஒதுங்கியது. ஆளைக் காணோம்.

இரண்டு வீட்டாரும் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். கட்சிக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டதற்கு, "அவரு எங்க கட்சியிலயே இல்ல. நீக்கி ஒரு மாசமாச்சு. பேனரப் பாருங்க, படம் இருக்கா?" என்றார் மாவட்டச் செயலாளர். ஃபிராங்க்ளின் என்கிற நிருபர் சரிபார்க்க ஸ்டெபிக்குத்தான் போன் போட்டான். அவள்தான் தேதியை வாசித்துக் காட்டினாள், இரண்டு தடவையும்.

அவள் வாசலுக்கு வந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே பேசினான் ஜெர்சன்.

"ஏளா, போட்டோவ எடுத்தா உசுரா போயிரும்? என் மூஞ்சி இல்லன்னா பேனரு பாக்க லெச்சணமாத்தான் இருக்கும்."

"எடுத்த ரெண்டு பேருக்கும் போயிருக்கு" என்று அவள் தேதிகளைச் சொன்னாள்.

அவன் ஐஸ்காரனை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது.

"ராத்திரியில சாக்கு சாக்காக் கடத்தல் சரக்கு ஏத்திட்டுப் போன வள்ளத்தக் கண்ணால பாத்தேன். யாரு வள்ளம்னு கட்சிக் கூட்டத்துல கேட்டேன். கேட்டது தப்பாளா?"

"கொஞ்ச நாளு கொச்சிக்குப் போயிருண்ணே."

"போனா நாந்தான் சாக்கு ஏத்துனேன்னு சொல்லுவானுவ. நீ ஒஞ் சோலியப் பாரு. எனக்கு மாதா இருக்கா."

மாதா இருந்தாள். புன்னைக்காயல்காரருக்கும் இருந்தாள். புதன்கிழமை மத்தியானம், ஏழு தலைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அது ஸ்டெபிக்குப் பிடிபட்டது. லாரியும் கடலும் பிறகு வந்தவை. பேனரில் படம் இல்லாத ஆளைக் கேட்க நாதியில்லை என்பதுதான் முதலில். அப்படியானால் படம் இருக்கிற ஆளை? அதுவும் தலைவர் பக்கத்தில் இருக்கிற ஆளை?

முப்பிடாதிக்கு அவர் சொன்னபடியே ஏழு பேர் போட்ட மாதிரியை அனுப்பினாள். 'ஓகே தாயி' என்று பதில் வந்தது. அச்சுக்கு அனுப்பும்முன் கிருபாகரன் டீ குடிக்க எழுந்து போனார். அவள் டிசைனை மறுபடி திறந்தாள். மாநிலத் தலைவரின் தோளை ஒட்டி, மாவட்டச் செயலாளர் தலை அளவுக்கே, ஜெர்சனை வைத்தாள். கீழே 'மாநில மீனவரணி இணைச் செயலாளர்' என்று எழுதினாள். பிறகு ஃபைலில் அவனை 'விலகியோர்' பக்கத்திலிருந்து எடுத்து, அதே பதவியில், முந்தின நாள் தேதியில் ஏற்றினாள். ஏழு வருசத்தில் ஃபைலில் அவளாக எழுதிய முதல் பொய் அது.

சுருட்டிக் கட்டிய பேனர் வியாழக்கிழமை ஏற்றப்பட்டபோது தலைவரின் கார் எட்டயபுரம் தாண்டிவிட்டது. இறக்கி மாற்ற நேரமில்லை. தலைவர் வளைவை அண்ணாந்து பார்த்தார். தன் தோளுக்குப் பக்கத்தில் இருந்த முகம் எதிரே கூட்டத்தில் நிற்பதையும் பார்த்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டு, தமக்குப் போட்ட சால்வையை எடுத்து ஜெர்சனுக்குப் போர்த்தினார். கேமராக்கள் மின்னின.

ஆறரை மணிக்கு ஃபிராங்க்ளின் போன் போட்டான். "யக்கா, இணைச் செயலாளர்னு போட்டிருக்கே, புதுசா?"

"ஃபைல்ல இருக்கு."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை மூன்று பேப்பரில் படத்தோடு வந்தது.

பத்து மணிக்கு முப்பிடாதி வந்தார். செருப்பைக் கழற்றினார். மக்ரூன் பொட்டலத்தை மேசையில் வைத்துக் கிருபாகரனைப் பார்த்து, "பிரிங்க அண்ணாச்சி, இப்பந்தான் போட்டது" என்றார். நாற்காலியை ஸ்டெபி பக்கம் இழுத்து உட்கார்ந்தார்.

"தலைவருக்கு ரொம்பத் திருப்தி தாயி. ஒங்க அண்ணன மெட்ராஸுக்கு வரச் சொல்லிருக்காரு. இனி அவரு எங்க ஆளு. அவருக்கு ஒரு தும்மல் வந்தாலும் நாங்கதான் பதில் சொல்லணும்."

ஸ்டெபிக்கு மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது.

"பேரு ஏத்த முன்ன எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."

"மறந்துட்டேன் அண்ணாச்சி."

"மறக்கத்தான் செய்யும். பத்து வருசமா ஒரே வேலைல்லா." அவர் திரையைப் பார்த்தார். "நன்றி சொல்லி ஒரு பேனர் அடிக்கணும். எல்லாம் அதே மாதிரி இருக்கட்டும், ஒங்க அண்ணன் உள்பட. ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துருங்க."

அவர் விரல் தலைவரைத் தாண்டி, ஏழு தலைகளையும் தாண்டி, வலது பக்க அடி மூலையில் போய் நின்றது. எறும்பு வரியின்மேல்.

"அதுல என்ன இருக்கு அண்ணாச்சி, சின்ன எழுத்து. யாரு படிக்கா" என்றார் கிருபாகரன், வாயில் மக்ரூனோடு.

"யாரும் படிக்கல்லன்னா அப்புறம் எதுக்கு" என்றார் முப்பிடாதி. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "பின்னால யாராச்சும் கேட்டா, இந்தப் பிள்ள போன மாசம் இருவதோட வேலைய விட்டு நின்னுட்டான்னு சொல்லுங்க. நீங்க புள்ளகுட்டிக்காரரு, ஒங்களுக்கு எதுக்கு வம்பு?"

கிருபாகரன் மெல்லுவதை நிறுத்தினார். ஸ்டெபி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் எட்டி மவுசை வாங்கினார். வரியைத் தேர்ந்து அழித்தார். அழித்த இடம் பேனரின் நீலத்தோடு சேர்ந்துபோனது.

முப்பிடாதி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருபாகரன் உள்ளே போய் மெஷினை ஓடவிட்டார். ஸ்டெபி ஃபைலைத் திறந்தாள். 'விலகியோர்' பக்கத்தில் அந்த இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாகத் தன் முழுப் பேரை அடித்தாள். தேதி கட்டத்தில் போன மாதம் இருபது என்று போடவில்லை. அன்றைய தேதியையே போட்டாள். சொன்னது யார் என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்து, மூன்று வரிக்கும் முப்பிடாதி பேரை எழுதினாள். அந்தப் பக்கத்தை ஃபிராங்க்ளினுக்கு அனுப்பினாள்.

இரண்டு நிமிசம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது.

'யக்கா, கடைசிப் பேரு எந்தக் கட்சி?'

உள்ளே நன்றிப் பேனர் அடி அடியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெபி போனைக் கையில் எடுத்து, 'கட்சி இல்ல. அது நாந்தான்' என்று அடிக்கத் தொடங்கினாள்.