ஜீப் ஸ்டாண்டு மேனேஜருக்கு

டிராவல் ஏஜென்சி நடத்துவது எப்படி என்று சிங்கராயர் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறார். தனக்கு ஒரு ரயில் டிக்கெட் வேண்டுமென்றால் மைத்துனனைத்தான் வரிசையில் நிறுத்துவார். பயணம் போகிறவனுக்கும் ஜீப்காரனுக்கும் நடுவில் நிற்பவனைப் புரோக்கர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். "இடைநிலையாளர் என்று சொல்லுங்கள்" என்பார்.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கடைசியில், ஏற்காட்டுக்கு ஒருநாள் சுற்றுலாத் திட்டம் எழுதிவரச் சொன்னார். நல்ல திட்டத்தின்படி வகுப்பே மலையேறும். எழுதியவருக்குச் சென்னை ஏஜென்சி ஒன்றுக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். அங்கே பயிற்சி ஊழியர் இடம் ஒன்றே ஒன்றுதான் காலி.

ஏற்காடு மலைக் கிராமமான தலைச்சோலையிலிருந்து வந்து படிக்கும் மாதம்மாளுக்கு அந்தக் கடிதம் வேண்டும். அது இல்லையென்றால் படிப்பு முடிந்ததும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் கீழே காப்பி மூட்டை எண்ண வேண்டியதுதான். ஏழு பக்கம் எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஜீப்புகள் முதலில் ஊர்ச்சனத்தையும் மூட்டைகளையும் ஏற்றும். பதினொரு மணிக்கு முன் வெளியாட்களுக்கு வண்டி கிடையாது. அதுவரை ஏரியைச் சுற்றிக் காட்டலாம்.

"இதுக்கு ஆதாரம் என்னம்மா?" என்றார் சிங்கராயர்.

"அந்த ஜீப்புல வந்துதானுங்க சார் நான் பள்ளிக்கூடம் படிச்சேன்."

"அது ஆதாரமில்லை. அச்சில் இருக்கணும்."

நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டு, ஓரத்தில் 'ஊர்ப்பேச்சு' என்று சிவப்பு மையில் எழுதினார். மாதேஸ்வரன் என்ற சேலத்துப் பையனின் திட்டம் தேர்வானது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் 'ஜீப் வசதி காலை 9.15 முதல்' என்று அவன் கண்டுபிடித்திருந்தான். அச்சில் இருந்தது, போதாதா? சிங்கராயர் உடனே 'மேனேஜர், ஜீப் ஸ்டாண்டு, ஏற்காடு' என்று விலாசமிட்டு ஆங்கிலத்தில் கடிதம் போட்டார். துறை முத்திரை குத்தி வவுச்சர் ஒன்றும் தயாரித்தார்.

சுற்றுலாவுக்குக் குறித்த ஞாயிறு ஒன்பதே காலுக்கு இருபத்திரண்டு பேர் ஸ்டாண்டில் நின்றார்கள். ஆட்டுக்குட்டிகளும் ஆரஞ்சுக் கூடைகளும் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. சிங்கராயர் வவுச்சரை நீட்டினார். டிரைவர் அங்கப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், என்ன காயிதமுங்க இது?"

"வவுச்சர். இதைக் காட்டினால் நீங்கள் வண்டி எடுக்கணும். பணம் பிறகு துறையிலிருந்து வரும்."

"காயிதத்தைக் காட்டுனா வண்டி நகராதுங்க. டீசல் ஊத்தோணும்."

"உங்கள் மேனேஜரைக் கூப்பிடுங்கள். கடிதம் போட்டிருக்கிறேன்."

"மேனேஜருங்களா? அப்படி ஆரும் இங்க இல்லீங்களே" என்றார் அங்கப்பன். டீக்கடைக் குப்பாயிதான் எட்டிப் பார்த்தாள். "அட, அதுங்களா! போஸ்ட்மேன் இங்கதான் குடுத்துட்டுப் போனாரு. இங்கிலீசுல இருந்துச்சு. ஆரு ஊட்டுக் கண்ணாலப் பத்திரிக்கையோன்னு செவுத்துல மாட்டி வெச்சிருக்கறனுங்க."

கடிதம் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. போண்டா எண்ணெய் பட்டு முத்திரை மட்டும் பளபளத்தது.

"ஏங்கண்ணு, சந்தை நாளுன்னு உங்க வாத்தியாருக்குத் தெரியாதா?" என்று அங்கப்பன் மாதம்மாளைக் கேட்டார்.

"சொன்னனே மாமா. அச்சுல இல்லைன்னுட்டாரு."

ஸ்டாண்டே சிரித்தது. சிங்கராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாதம்மா, ஏதாவது செய்யேன்" என்றார் மெதுவாக.

அவள் எல்லோரையும் ஏரிக்கு அழைத்துப்போனாள். பதினொன்று பத்துக்கு அங்கப்பன் இரண்டு வண்டியோடு வந்தார். முப்பத்தெட்டு மார்க் திட்டம் வரி பிசகாமல் நடந்தது.

பஸ் மலையிறங்கும்போது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து சிங்கராயர் அறிக்கை சொன்னார்.

"காலை 9.15-க்கு ஜீப் புறப்பட்டது. எழுது."

"பதினொண்ணு பத்துக்குத்தானுங்க சார் கெளம்புச்சு."

"எனக்குத் தெரியாதா? இது ஏஜென்சிக்குப் போகிற அறிக்கை. திட்டப்படி நடந்ததாக இருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்கிறபடி எழுதிக்கொடு. சிபாரிசுக் கடிதத்தை உன் பெயருக்கே போட்டுவிடுகிறேன்."

இரண்டு கொண்டை ஊசி வளைவு கடக்கும்வரை மாதம்மாள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு எண். எழுதினால் சென்னை, எழுதாவிட்டால் காப்பி மூட்டை. அவள் திரும்பி அந்த மனிதரைப் பார்த்தாள். ஆட்டுக்குட்டிக்கு இருந்த மரியாதைகூடக் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தவர், அந்த இரண்டு மணி நேரத்தையே இல்லையென்கிறார். இந்த அறிக்கைதான் இனி அச்சு ஆதாரம். இதை நம்பி அடுத்த வருடமும் ஒரு கூட்டம் ஒன்பதே காலுக்கு வந்து நிற்கும்.

'11.10' என்று எழுதி நோட்டை நீட்டினாள்.

சிங்கராயர் சிவப்பு மையால் அதை அடித்து 9.15 ஆக்கினார். சிபாரிசுக் கடிதம் மாதேஸ்வரனுக்குப் போனது.

சித்திரையில் பரீட்சை முடிந்து ஊர் திரும்பியவளை ஸ்டாண்டில் குப்பாயி கூப்பிட்டாள். "கண்ணு, மறுக்காவும் மேனேஜருக்குக் காயிதம் வந்திருக்குது. செவுத்துல மாட்டறதா, என்னன்னு பாரு."

சென்னை ஏஜென்சியின் கடிதம். உறையில் 'மேனேஜர், ஜீப் ஸ்டாண்டு, ஏற்காடு' என்று தட்டச்சில் இருந்தது. கீழே, பயிற்சி ஊழியர் மாதேஸ்வரன் என்று கையெழுத்து. பல்கலைக்கழக அறிக்கையின்படி வரும் ஞாயிறு காலை 9.15-க்கு இருபது பேருக்கு இரண்டு ஜீப் வேண்டுமாம், வவுச்சர் இணைத்திருந்தது. அவள் படித்துச் சொன்னதும் அங்கப்பனுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

மாதம்மாள் சிரிக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, தேதி போட்டு, ஓரம் விட்டு எழுதினாள். ஞாயிறு சந்தை, பதினொரு மணிக்குத்தான் வண்டி. வவுச்சர் செல்லாது, திருப்பி அனுப்பப்படுகிறது. இனி ஏற்காடு ஜீப்புக்கு எதுவானாலும் கீழே கையெழுத்திட்டவருக்கு எழுதிக் கேட்டபிறகே நாள் குறிக்கவும். அடியில் 'மா. மாதம்மாள், மேனேஜர், ஜீப் ஸ்டாண்டு' என்று கையெழுத்துப் போட்டாள்.

"ஏங்கண்ணு, நீ எப்ப மேனேஜரு ஆன?" என்றார் அங்கப்பன்.

"இப்படி ஒரு மேனேஜர் இருக்கறதா அவங்கதான் எழுதியிருக்காங்க மாமா" என்று அவள் உறையைக் காட்டினாள். "பாருங்க, அச்சுல இருக்குது."