எலி எட்டாத இடம்

என் நைனா ஜான், பெருநகர் என்கிற எங்கள் கிராமத்தில் வயல் வேலை போக மீதி நாட்களில் மைக் செட் கட்டுவார். கிறிஸ்துமஸுக்கும் ஆடி மாதக் கூழுக்கும் அதே இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள்தான். வேலை இல்லாதபோது அவற்றின் பின்பக்க யூனிட்டுகள் கழற்றப்பட்டு அலமாரியின் உச்சியில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் கனத்த காந்தம். திருகாணிகள் தொலையாமலிருக்க எல்லாவற்றையும் அதன்மேல் ஒட்டி வைப்பார். அம்மாகூட அதைத் தொடக்கூடாது.

சென்னையில் சுத்தம் செய்த என் ஆராய்ச்சித் தகட்டை பெங்களூர் ஆய்வகத்துக்குத் திரும்ப எடுத்துப் போகிற வழியில் ஒருநாள் வீட்டில் தங்கினேன். காலையில் கிளம்பும்போது தகடு வைத்திருந்த பெட்டியைக் காணவில்லை. நைனா ஸ்டூல் போட்டு ஏறி, யூனிட்டின் மேலிருந்து அதை எடுத்துத் தந்தார்.

"எலி எட்டாத எடம் இந்த வூட்ல அது ஒண்ணுதாம்மா."

காந்தத்தின் மேல் வைத்தது தப்பு என்று என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

நான்கு வருடங்களாக நான் அளப்பது ஒரு மிகச் சிறிய விசையை. காற்றை உறிஞ்சியெடுத்த கலத்தில் இரண்டு தகடுகளை, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நெருக்கத்தில் நிறுத்தினால், நடுவே எதுவும் இல்லாதபோதும் அவை ஒன்றையொன்று இழுக்கும். வெற்றிடமும் முழுதாக ஓய்ந்திருப்பதில்லை. அதன் துடிப்புதான் அந்த விசை. என் தகடுகள் டோபாலஜிகல் வகை: உள்ளே மின்சாரம் ஓடாது, மேற்பரப்பில் மட்டும் ஓடும். மேலே மெல்லிய காந்தப்பூச்சு. பூச்சுகளின் காந்தத் திசை ஒருவிதமாக இருந்தால் இழுக்கும், ஒன்றை மாற்றினால் தள்ளும் என்கிறது கணக்கு.

என் தகடுகள் தள்ளின. வழிகாட்டி புருஷோத்தமன் சார் நம்பவில்லை. எங்கோ தேங்கிய மின்னூட்டமாக இருக்கும், ஒரு தகட்டின் திசையைத் திருப்பிப் பார் என்றார். திருப்பினால் தள்ளல் இழுப்பாக மாற வேண்டும். மாறாவிட்டால் நான்கு வருடமும் வீண். மற்ற தகடுகள் விரிசல்விட்டுப்போய் மிஞ்சியது இந்த ஒரு ஜோடிதான் என்று சாக்குச் சொல்லி, நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் முன்பு ஒருமுறை நைனாவிடம் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லையென்றால் எது தள்ளுகிறது என்று கேட்டார். என்னிடம் யாரும் அதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை.

பெட்டியோடு நான் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட வந்தவர் என் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றார். அதன்பின் மூன்று நாள் அவர் போன் செய்யவில்லை. காந்தத்திலிருந்து திருகாணிகளையெல்லாம் பிடுங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டார், சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள் அம்மா.

ஆய்வகத்தில் முதலில் பூச்சைச் சோதித்தேன். கலைந்திருக்கும் என்று பயந்தது நடக்கவில்லை. நைனாவின் காந்தம் அதன் திசையை முழுதாகத் தலைகீழாக்கியிருந்தது. இனித் தள்ளிப்போட வழியில்லை. தகட்டைக் கலத்தில் பொருத்தினேன். இரண்டாம் நாள் அளவு வந்தது.

இழுத்தது.

ஆய்வகக் காந்தத்தால் பழைய திசைக்கே திருப்பினேன். மறுபடி தள்ளியது. புருஷோத்தமன் சார் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இன்னும் பத்து முறை திருப்பச் சொன்னார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததிலேயே, நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்து நைனாவுக்குப் போன் செய்தேன்.

"தகடு கெடல நைனா. நான் பயந்துக்கினு செய்யாம வெச்சிருந்தத நீ செஞ்சிட்ட."



"நான் இன்னா செஞ்சேன். எலிக்குப் பயந்து வெச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப ஸ்குரூவ மறுபடி அதுலயே வெச்சிக்கலாமா?"

வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் போனைக் கட் செய்யவில்லை. ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு டக், டக் என்று ஒவ்வொரு திருகாணியாகப் போய் ஒட்டிக்கொள்ளும் சத்தம்.

கடைசித் திருகாணி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.